நாலு விரல் தள்ளி

சனிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு சர்க்கரை ஆலையின் டேட்டாபேஸ் நிரம்பிப்போனது. சிதம்பரம் கோட்ட அலுவலகத்திலிருந்து கரும்பு அலுவலர் பூவராகன் போன் செய்து, வெட்டு உத்தரவைப் பதிந்தால் சிவப்பு எழுத்தில் என்னமோ வருகிறது, பதிய மாட்டேன் என்கிறது என்றார். அவர் அதைப் படித்துக் காட்டி முடிப்பதற்குள் எழிலரசிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஆலையின் மாடி அலுவலகத்தில், சர்வர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஆலை வைத்திருந்தது காசில்லாமல் கிடைக்கும் பதிப்பு. பத்து ஜிபி வரைதான் ஏறும். பத்தைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஒரு பெயர், ஓர் எண்கூட உள்ளே போகாது. இப்படி ஆகும் என்று மேலே மூன்று தடவை எழுதியிருந்தாள். மூன்றுக்கும் பதில் இல்லை.

வேறு வாரமென்றால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். இந்த வாரம் முடியாது. மேற்கே மழை பிடித்துக்கொண்டிருந்தது. செவ்வாய் விடியும்போது வெள்ளாற்றில் தண்ணீர் கரையேறும், படுகையில் இருப்பவர்கள் ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொள்ளுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். படுகையில் வெட்டுக்கு நின்ற கரும்பு நாற்பத்து மூன்று கொல்லை. அத்தனையையும் திங்கட்கிழமை ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட வேண்டுமென்று பூவராகன் பண்ருட்டி, விழுப்புரம் பக்கமெல்லாம் பேசி, நாற்பத்து மூன்று செட்டு ஆளைத் திரட்டி வைத்திருந்தார். ஆள் இருந்தது. டிராக்டர் இருந்தது. வெட்டு உத்தரவுச் சீட்டு இல்லை. முன்னொரு பருவத்தில் கள்ளச் சீட்டில் ஊர்ப்பட்ட கரும்பு உள்ளே போனதிலிருந்து, கையால் எழுதிய சீட்டை ஆலை கேட்டில் தொடுவதில்லை. கம்ப்யூட்டர் கொடுத்த எண் இருந்தால்தான் வண்டி எடைமேடை ஏறும்.

அந்த நாற்பத்து மூன்று கொல்லையில் ஒன்று எழிலரசியின் அம்மா தைலம்மாளுடையது.

தைலம்மாள் இருபத்தாறு வருடம் கரும்பு வெட்டியவள். புருஷனோடு வெட்டினாள், அவர் செத்த பிறகும் வெட்டினாள். எல்லாம் ஊரார் கொல்லை. போன கார்த்திகையில்தான் புவனகிரிக்குக் கிழக்கே படுகையில் ஓர் ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, தன் பெயரில் ஆலையில் பதிந்து, தன் கையால் விதைக் கரணை ஊன்றினாள். கொல்லை எண் 418. அது போனால் அடுத்த ஏக்கர் என்று ஒன்று அவள் ஆயுசில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழிலரசி அலுவலகத்தைத் திறந்தாள். பழைய வருடங்களை அழித்துவிடலாமா என்றுதான் முதலில் பார்த்தாள். தணிக்கை முடியாமல் ஒரு வரியும் அழிக்கக் கூடாதென்று எழுத்து மூலமாகவே உத்தரவு இருந்தது. அப்புறம், எதற்குத்தான் இத்தனை இடம் போயிருக்கிறதென்று ஒவ்வொரு அட்டவணையாகத் திறந்தாள். 

பதினோரு வருடம் முன்னால் இதைக் கட்டியவன் தாராள மனசுக்காரன். பெயர், தகப்பன் பெயர், ஊர், ரகம், பாசனம், ஆய்வுக் குறிப்பு என்று ஒன்பது பத்தி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது எழுத்துக்கு இடம். எழுத்து குறைந்தாலும் இடம் குறையாது. மிச்சத்தை அது வெற்றிடம் போட்டு நிரப்பிக்கொள்ளும். தமிழில் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று எழுத்துக்கு இரண்டு பைட் வேறு. ஒரு நாளும் எவரும் தமிழில் ஏற்றவில்லை, எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்துதான். ஆண்டி என்று ஒரு விவசாயி. இங்கிலீஷில் எழுதினால் நாலே எழுத்து. அந்த நாலு எழுத்து உட்கார முந்நூறு பைட். நாலு பேர் சாப்பிடக் கல்யாண மண்டபம் பிடித்த கதை. கொல்லை பார்க்கப் போகிற உதவியாளர்கள் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, கொல்லைக்கு ஒரு வரி என்று பதிந்துகொண்டே வந்ததில் முப்பது லட்சம் வரிக்கு மேல் சேர்ந்திருந்தது. பத்து ஜிபியில் எட்டு ஜிபிக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடம்.

எழுத்து எவ்வளவோ அவ்வளவே இடம் எடுக்கிற வகைக்கு மாற்ற வேண்டும். எழுத்துக்கு ஒரு பைட், நீளத்தைக் குறித்துக்கொள்ள இரண்டு பைட். ஆண்டிக்கு ஆறு பைட் போதும். வகையை மட்டும் மாற்றினால் ஆகாது, ஏற்கெனவே வாலில் ஒட்டியிருக்கிற வெற்றிடம் கூடவே வரும், அதையும் நறுக்க வேண்டும். நிரம்பியதற்குள்ளேயே வைத்துச் செய்ய இடமில்லாததால், முழுசாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் காலியாக இன்னொரு டேட்டாபேஸ் திறந்து வருடம் வருடமாக நறுக்கி அதில் ஏற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்ப் பெயரை முப்பது லட்சம் தடவை எழுதுவானேன் என்று ஒரு பட்டியலில் வைத்து, வரிகளில் அந்த ஊரின் எண்ணை மட்டும் போட்டாள். பத்தரைக்குக் கரண்ட் போய் வந்தது. இன்வெர்ட்டர் தாங்கியது. ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தபோது பத்து ஜிபி ஒன்றே காலாகச் சுருங்கியிருந்தது.

திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். பெயர் பெயர் கட்டத்தில் இருந்தது, ஊர் ஊர் கட்டத்தில் இருந்தது. பூவராகனுக்குப் போன் செய்து பதிந்து பார்க்கச் சொன்னாள். பதிந்தது. நீ நல்லா இருக்கணும்மா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலைக்கு ஓடினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே இறங்கி ஒரு டீயும் இரண்டு பன்னும் தின்றாள். இந்த ஐந்து வருடத்தில் உருப்படியாக ஒரு வேலை செய்ததுபோல இருந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். சீட்டு எடுத்துவிட்டார்களாம், சுப்புராயன் செட்டு வருகிறதாம், பண்ருட்டிப் பக்கத்து ஆட்களாம், முப்பது பேராம். மாவு ஆட்டி வைத்திருக்கிறாளாம்.

"அவுங்களுக்கு நீ எதுக்கும்மா சமைக்கிற? அவுங்களே கொண்டாருவாங்க."

"நான் வெட்டப் போன எடத்துல தண்ணியக்கூட தூர வச்சுட்டுத் தள்ளி நிப்பாங்க. என் கொல்லைக்கு வர்றவங்களுக்கு நான் சுடச்சுட இட்லி போடுவேன். ஒனக்கு இன்னாடி?"

திங்கள் காலை ஏழு மணிக்கு அம்மா மறுபடி கூப்பிட்டாள். செட்டு வரவில்லை. தூறல், வண்டி சேற்றில் மெதுவாகத்தான் வரும் என்றாள் எழிலரசி. எட்டரைக்குக் கூப்பிட்டாள். வரவில்லை, இட்லி ஆறிப்போய்விட்டது. எழிலரசி பூவராகனுக்கு அடித்தாள். அவர் எண் ஓயாமல் பேச்சிலேயே இருந்தது. சர்வரில் பார்த்தாள். 418க்கு முதல் வண்டி எட்டு இருபதுக்கே எடைமேடை ஏறியிருந்தது. அம்மா நின்றுகொண்டிருக்கிற கொல்லையிலிருந்து, அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு வண்டிக் கரும்பு.

ஒன்பதே முக்காலுக்கு அம்மாவின் குரலில் மூச்சு வாங்கியது. தேடிக்கொண்டு நடந்திருக்கிறாள். சுப்புராயன் செட்டு ஒரு மைல் தள்ளி மேட்டில் ராணியம்மாள் கொல்லையில் இறங்கி முக்கால்வாசியை வெட்டிவிட்டது. அது செவ்வாய்க்கிழமைக் கணக்கில் இருந்த கொல்லை. மழை பிடிக்கிற நேரத்தில் ஒரு நாள் முந்தி வந்து நிற்கிற செட்டை ராணியம்மாள் ஏன் வேண்டாமென்று சொல்லப்போகிறாள்? எழிலரசி போனை மேஸ்திரி சுப்புராயனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"சீட்டுல இன்னா நம்பர்ணே போட்டிருக்கு?"

"நானூத்தி அறுவத்திரெண்டும்மா. நான் கண்ணால பாத்துட்டுத்தான் எறங்குனேன்."

"அந்த வரியில வேற நம்பர் இல்லியா?"

"இந்தாண்ட ஓரத்துல ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. அது ஆபீஸ் நம்பரு. நம்மளுது நாலு விரல் தள்ளி இருக்கறதுதான. இன்னிக்கு நேத்தா சீட்டு பாக்கறேன்."

 சுப்புராயனுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. வெட்டு மேஸ்திரிகளில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். சீட்டின் இடது ஓரத்தில் நாலு விரலை ஒட்டி வைத்து, சுண்டுவிரலைத் தாண்டி நிற்கிற எண் எதுவோ அதுதான் இன்றைக்கு வெட்ட வேண்டிய கொல்லை. அவள் அப்பாவும் அப்படித்தான் விரல் வைத்துப் பார்ப்பார். ஆலை அலுவலகத்தில் வேறு எவருக்கும் இது தெரிய வழியில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒருத்தி உட்கார்ந்துதான் அதை நறுக்கியிருக்கிறாள்.

சீட்டு அடிக்கிற புரோகிராம் சிதம்பரத்தில் மட்டும் ஓடுகிற பழசு. ஒரே வரியில் ஊர், இன்றைய கொல்லை எண், விவசாயி பெயர், நாளைக்குப் போக வேண்டிய கொல்லை எண் என்று நாலையும் அடுத்தடுத்து அடிக்கும். ஊரிலும் பெயரிலும் முதல் இருபது இடத்தை எடுத்து அடி என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எழுத்து தீர்ந்த பிறகு வெற்றிடம் வந்து இருபதை நிரப்பிக்கொண்டிருந்த வரைக்கும் எல்லா எண்ணும் அதனதன் கட்டத்தில் விழுந்தது. வெற்றிடம் போனதும் வரி முழுக்க இடது பக்கம் சரிந்துவிட்டது. இன்றைய எண் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ள, நாலு விரல் தள்ளி நாளைய எண் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு நாளாக இருந்தால் உதவியாளர்கள் சீட்டைக் கொடுக்கும்போதே கொல்லையையும் வாயால் சொல்லிவிடுவார்கள். நேற்று அவர்களெல்லாம் டிராக்டர்களுக்கு டீசல் பிடிக்க அலைந்துகொண்டிருந்தார்கள். கோட்ட அலுவலகக் காவலாளி ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டியிருக்கிறார்.

பூவராகன் ஒருவழியாக எடுத்தார். காலையிலிருந்து படுகைக்காரர்கள் நாலா பக்கமும் பிடித்துக் கிழித்ததில் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிரிண்டரில் பேப்பரைக் கோணலாக மாட்டிவிட்டான்கள், எவனென்று தெரியட்டும், தோலை உரிக்கிறேன் என்றார்.

"பிரிண்டர் இல்ல சார். நான்தான்."

சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. சீட்டுக்குப் போகும்போது மட்டும் இருபது இடம் வரைக்கும் வெற்றிடத்தைச் சேர்த்து அனுப்பு என்று ஒரு வரி. நேற்றே எழுதியிருக்கலாம். நேற்று அது தோன்றவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை வலுத்தது. போனில் அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சிதம்பரம் கோட்ட அலுவலகத்தில் பூவராகன் மேசைமேல் நாற்பத்து மூன்று பெயரையும் விரித்து வைத்திருந்தார். எழுத்துத் தெரிந்த மேஸ்திரிகள் ஒன்பது பேர் சரியான கொல்லையில் இறங்கியிருந்தார்கள். முப்பத்து நாலு செட்டு மேட்டில். வெட்டிப் போட்டதைக் கட்டி ஏற்றாமல் யாரும் நகர முடியாது. ஏற்றி முடித்தாலும், விடிகாலையிலிருந்து குனிந்த ஆட்கள் இன்னொரு கொல்லையில் இறங்க மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எழிலரசிக்கு அந்த இடுப்பு வலி என்னவென்று தெரியும். ஒவ்வொரு மேஸ்திரியாகப் பேசிக் கெஞ்சியதில் பதினோரு செட்டு ஒத்துக்கொண்டது. பதினோரு செட்டு, முப்பத்து நாலு கொல்லை. யாருக்கு முதலில் என்பதற்கு ஆலையில் ஒரே முறைதான்: முதலில் நட்டவருக்கு முதலில் வெட்டு. எழிலரசி நடவுத் தேதிப்படி வரிசைப்படுத்தினாள். அம்மா பத்தொன்பதாவது.

பூவராகன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மழையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நட்ட தேதிய ரெண்டு வாரம் முன்னால போட்டுக்கம்மா. நான் ஒன்னும் பாக்கல."

அவள் போட்டாள். யோசிக்கவில்லை. மேட்டுக் கரும்பு 418இன் கணக்கில் எடைமேடை ஏறியதால், வெட்டு முடிந்ததென்று மூடிக்கொண்டிருந்த அந்த வரியையும் திறந்தாள். தைலம்மாள் என்ற பெயர் ஒன்பதாவது இடத்துக்கு ஏறியது. பதினொன்றில் இருந்த சாமிக்கண்ணு என்கிற ஒருவர் பன்னிரண்டுக்கு இறங்கினார். அந்த ஆளை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவருக்காக அவள் நிறுத்தியிருக்க மாட்டாள்.

அவளை நிறுத்தியது வேறு. சீட்டில் நடவுத் தேதியும் விழும். படுகையில் அம்மாவின் கொல்லையை ஒட்டிப் பதினாலு கொல்லை, எல்லாம் அம்மாவின் தெருக்காரர்கள். ஒரே டிராக்டரில் கரணை இறக்கி, ஒரே வாரத்தில், ஒருவர் கொல்லையில் மற்றவர் கூலியில்லா மாற்றாளாகப் போய் நட்டவர்கள். தைலம்மாள் எந்தக் கிழமை நட்டாள், அன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். சீட்டு வந்த அரை மணி நேரத்தில் அதை வாங்கிப் பார்ப்பார்கள். சீட்டு சரிந்தது யாரால் என்பதும் இந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மகள் கெடுத்தாள், கெடுத்துவிட்டுத் தாயை மட்டும் ஏற்றிக்கொண்டாள். அந்தப் பேச்சோடு அம்மா அந்தத் தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், அங்கேதான் சாக வேண்டும். எழிலரசி பழைய தேதியைத் திரும்பப் போட்டாள். பூவராகன் திரும்பிப் பார்த்தார். பதினோரு சீட்டு நேராக அடித்து வந்தது. அதற்கு அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஒனக்கு இல்லம்மா. செட்டு பத்தல."



"யாரு பண்ண தப்பாம்?"

"என் தப்புதான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ஒவ்வொருத்தர் பேருக்குப் பின்னாலயும் காலியா எடம் கெடந்துச்சு. அத வெட்டிட்டேன். நம்பரு தள்ளி விழுந்துருச்சு."

"காலியா கெடந்தா கெடந்துட்டுப் போவுது. ஒன்ன யாரு வெட்டச் சொன்னா?"

"வெட்டலன்னா ஒருத்தருக்கும் சீட்டே வந்திருக்காதும்மா."



"வராமலே இருந்திருக்கலாம். ஊரோட சேந்து என்னுதும் போயிருக்கும்" என்றாள் தைலம்மாள். போனை வைத்துவிட்டாள்.

எழிலரசி புவனகிரி பஸ் பிடித்து, இறங்கி, ஆற்றுக்கரை வழியாக நடந்து படுகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கரையில் தெருக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள்.  அவளைப் பார்த்ததும் ஒரு பெண், வந்துட்டா பாரு கலெக்டரம்மா என்று சொன்னாள். மற்றவர்கள் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. தூரத்தில் இரண்டு கொல்லையில் செட்டு இறங்கி வெட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று சாமிக்கண்ணுவுடையதாக இருக்கலாம்.

அம்மா கொல்லைக்குள் இருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் யூரியா சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாக வெட்டிக்கொண்டிருந்தாள். அடியில் வெட்டவில்லை. கரும்பை வளைத்துப் பிடித்து நுனிப் பக்கம் இரண்டு முழத்தை மட்டும் நறுக்கிப் பின்னால் போட்டாள்.

"சீட்டு இல்லாம ஆலையில வாங்க மாட்டாங்கம்மா" என்றாள் எழிலரசி. சொன்ன பிறகுதான் எவ்வளவு மடத்தனமான பேச்சு என்று தோன்றியது.

"ஆலைக்கு யாரு வெட்டுறா?" அம்மா நிமிரவில்லை. "நுனியக் கொண்டுபோயி மேட்டுல போட்டா நடறதுக்காவும். தண்ணி ஏறிட்டா அதுவும் அழுவிடும். அந்தக் கத்தி வரப்புல கெடக்குது பாரு, எடு. கைய வெட்டிக்காத."

எழிலரசி கத்தியைப் பிடித்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. முதல் கட்டுக்குள்ளேயே தோகை முழங்கை இரண்டையும் கிழித்துவிட்டது. அம்மா வெட்டினாள், மகளும் வெட்டினாள், சேர்ந்ததைத் தோகையாலேயே கட்டி, தலையில் ஏற்றி, வழுக்குகிற கரையில் ஏறி மேட்டில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஏழாவது கட்டுக்கு, கரையில் நின்றவர்களில் ஒருத்தி வந்து தூக்கிவிட்டாள். பிறகு அவளும் தன் கொல்லைக்குள் இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் படுகையில் அங்கங்கே கத்திச் சத்தம் கேட்டது.

ஓர் ஏக்கர் நடுவதற்கு எழுபது கட்டுக்குக் குறையாமல் வேண்டும். வெளிச்சம் மங்கும்போது மேட்டில் இருபத்தாறு கட்டு கிடந்தது. தண்ணீர் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. கீழ் வரப்பை அது ஓசையில்லாமல் தாண்டி, கரும்பு வரிசைகளுக்கு நடுவே பழுப்பாக வந்து, எழிலரசியின் கெண்டைக்காலைத் தொட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு முழங்கால் வரை ஏறியிருந்தது. அவள் பள்ளத்தில் நின்றிருந்தாள்.

"ஏறிடலாம்மா."

"இந்த வரிசை முடியட்டும்" என்றாள் தைலம்மாள். அடுத்த கரும்பை வளைத்தாள்.